மீசை வைத்த குலமகள்

அத்தியாயம் 7

எங்கள் மச்சான் தாரிணீசரண் பாலித்தைப் பற்றி ஆறு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பக்கம் அடைக்கிற ஆள் இல்லை அவர், உடம்பைச் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வெற்றிலையை மடித்துக்கொள்ளலாம்.

தாரிணி மச்சான் ஸ்திரீ முன்னேற்ற சபைக்குத் தலைவர். ‘அந்தப்புர தீபம்’ என்கிற மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர். பெண்கள் முக்காட்டை விட்டு வெளியே வரவேண்டும், படிக்கவேண்டும், எழுதவேண்டும், பால்பல் விழாத குழந்தைக்குக் கல்யாணம் பண்ணக்கூடாது என்று சபையில் மேஜையைக் குத்துவார். மேஜைக்கு ஏற்கெனவே ஒருமுறை கால் மாற்றியாயிற்று. அவருக்கு எல்லாம் பிள்ளைகள். பெண் குழந்தை கிடையாது. அதனால் பெண்கள் விஷயத்தில் அவருக்குத் தாராள மனசு.

நான் நீலாம்பர். அவருடைய தங்கை மோக்ஷதாவின் புருஷன். வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் கல்கத்தாவில் வீட்டோடு மாப்பிள்ளையைவிட வீட்டுப் பூனைக்கு மரியாதை அதிகம். பூனையாவது எலி பிடிக்கும். நான் மச்சானுடைய பத்திரிகைக்கு அச்சுப்பிழை பிடிக்கிறேன்.

பெண்கள் எழுதுவதற்கென்றே ஆரம்பித்த அந்தப் பத்திரிகைக்கு எந்தப் பெண்ணும் எழுதவில்லை. மச்சான் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானே பெண்ணாகிவிட்டார். ‘குலமகள் ஒருத்தி’ என்று கையெழுத்துப் போட்டு அவர் எழுதிய ‘பேதைத் தாயின் கண்ணீர்’ என்ற கட்டுரையைப் படித்து, கல்கத்தாவில் கோட்டுப் போட்ட கனவான்கள் எல்லாரும் அழுதார்கள். சின்னப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கதறும் ஒரு தாயின் கதை. நானும் அழுதேன். அச்சுப்பிழை அவ்வளவு இருந்தது.

வினை எங்கிருந்து வந்தது என்றால், மிஸ் பென்ரோஸ் என்ற வெள்ளைக்கார மிஸ் அதை இங்கிலீஷில் பெயர்த்து லாட் துரையின் பெண்டாட்டி துரைசானியிடம் படித்துக் காட்டிவிட்டாள். அந்த மிஸ், எழுதிய மாதரசியை நேரில் கண்டு தழுவிக்கொள்ளப் புதன்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள். துரைசானிக்குப் பிடித்துவிட்டால் மச்சானுக்கு ‘ராய் பகதூர்’ பட்டம் நிச்சயம். ஆனால் குலமகளுக்கோ மேலுதட்டில் மெழுகு போட்டு முறுக்கிய மீசை. போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன்.

இன்றைக்குப் புதன்கிழமை.

*

வீட்டில் யாரைக் குலமகளாக உட்கார வைப்பது? மச்சான் பெண்டாட்டி பெரிய அண்ணிக்கு எழுத்து என்றால் எறும்பு, ஊதித் தள்ளுவாள். என் மோக்ஷதாவுக்கு எழுத்து தெரியும், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது. மிச்சம் இருந்தவள் ஒருத்திதான்: மச்சானுடைய தம்பி உமாசரணின் மனைவி க்ஷேமங்கரி.

உமாசரண் ஜமால்பூர் ரயில் பட்டறையில் குமாஸ்தா. கல்யாணமான புதிதில், அண்ணன் பேச்சைக் கேட்டு ஆவேசம் வந்து, பெண்டாட்டிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தான். அவள் அவனைவிட நன்றாகப் படிக்க ஆரம்பித்ததும் ஆவேசம் அடங்கிவிட்டது. அவன் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்று. அதற்கும் பிறகு வருத்தப்பட்டான்.

க்ஷேமங்கரியைக் கேட்பதில்தான் சிக்கல். தம்பி பெண்டாட்டி மூத்தார், அதாவது புருஷனுடைய அண்ணன், கண்ணில் படக்கூடாது. அவர் நிழலை மிதிக்கக்கூடாது. நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரே கூரைக்குக் கீழே அவள் இத்தனை வருஷம் இருக்கிறாள். முக்காட்டை விடச் சொல்லி ஊரையே கூட்டுகிற மச்சானுக்கு அவள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. அவள் கையால் ஆன மீன்குழம்பு தெரியும்.

ஆகவே நடுவில் நான்.

மாடி ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. மரக்கிராதி போட்ட சன்னல். ஹாலில் பாட்டுக் கச்சேரி நடந்தால் பெண்கள் அதற்குள் இருந்து பார்ப்பார்கள். அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. மச்சான் தன் புத்தக அலமாரியைக் கொண்டுவந்து அதன்மேல் சாத்தி அடைத்துவிட்டார். இப்போது ஹால் வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். காலையில் க்ஷேமங்கரி முன்னாலேயே போய்க் கிராதிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மச்சான் ஹாலில், கிராதிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் இடையில், தபாலாபீஸ் மாதிரி.

“மாப்பிள்ளை, மூணு மணிக்கு ஒரு மிஸ் வரா. கொஞ்ச நேரம் நாற்காலில உட்கார்ந்து, ‘ஆமா, நான்தான் எழுதினேன்’னு சொன்னாப் போதும். சொல்லு.”

நான் கிராதிப் பக்கம் திரும்பினேன். “க்ஷேமங்கரி, மச்சான் என்ன சொல்றாருன்னா…”

“கேட்டுது அண்ணா. காது இருக்கு எனக்கு. நான் என்ன எழுதினேன்னு அவருகிட்ட கேளுங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பினேன். “மச்சான், அவ என்ன கேக்கறான்னா…”

“கேட்டுது. பேதைத் தாயின் கண்ணீர். குடுத்தனுப்பறேன், படிச்சு வச்சுக்கச் சொல்லு.”

“படிச்சாச்சு,” என்றது கிராதி. “அந்தத் தாய் நின்னுக்கிட்டே கத்தியால மீன் நறுக்கறா. எந்த வீட்டுல? இங்க அரிவாள்மணையில உட்கார்ந்து அரியறோம். அப்புறம் ஆஷாட மாசத்து ராத்திரியில முத்தத்துல நின்னு நட்சத்திரத்தைப் பார்த்து அழறா. ஆஷாடத்துல கல்கத்தாவுல நட்சத்திரம் எங்க இருக்கு அண்ணா? மழையில நனைஞ்சு மூக்கு ஒழுகியிருக்கும். அதைக் கண்ணீர்னு எழுதிட்டாரு.”

மச்சானுடைய காது பின்பக்கமிருந்து சிவப்பது எனக்குத் தெரிந்தது. நான் விட்டத்தைப் பார்த்தேன். நல்ல விட்டம்.

“இப்ப அவளுக்கு என்ன வேணும்னு கேளு, மாப்பிள்ளை.”

கிராதி அதே குரலில், உப்புக் கேட்பதுபோலச் சொன்னது:

“நாளைக்கு புண்ட்டிக்கு ஆசீர்வாதம் பண்ண வராங்களே, அது நிக்கணும். பதினாலு வயசு ஆகிறவரைக்கும் கல்யாணப் பேச்சு கூடாது. அவ பள்ளிக்கூடம் போகணும்.”

புண்ட்டி க்ஷேமங்கரியின் மகள். வயது ஒன்பது. முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. பாராசாத் பஞ்சானன் பாபுவின் பிள்ளைக்கு அவளைப் பேசியிருந்தார்கள். நாளைக்கு அறுகம்புல்லும் நெல்லும் தலையில் போட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டால், வாக்கு முடிந்த மாதிரி. பிறகு யாராலும் பின்வாங்க முடியாது. பிள்ளைக்கு முப்பது தாண்டியாயிற்று. முதல் மனைவி போன துர்கா பூஜைக்கு முன்னால் பிரசவத்தில் இறந்துபோனாள். அவளுக்கு அப்போது பதிமூன்று.

இந்தச் சம்பந்தம் ஏன்? மச்சான் சபையில் சாகேபுகளோடு பிஸ்கோத்துத் தின்றார் என்று ஜாதியில் அவரைத் தள்ளிவைக்கப் பார்த்தார்கள். பஞ்சானன் பாபு ஜாதிக் கட்சித் தலைவர். பெண்ணைக் கொடுத்தால் பிஸ்கோத்து செரித்துவிடும். அவ்வளவுதான். பிஸ்கோத்தைத் தின்றவர் ஒருவர், கல்யாணம் இன்னொருத்திக்கு.

“மாப்பிள்ளை,” என்றார் மச்சான், சபைக் குரலில். “சபையில பேசறது கொள்கை. வீட்டுல நடக்கறது குடும்பம். ரெண்டையும் குழப்பிக்கக் கூடாதுன்னு எடுத்துச் சொல்லு.”

“அப்ப அந்த மிஸ் சபைக்கே போகட்டும் அண்ணா. வீட்டுக்கு எதுக்கு வரா?”

“உமாசரணே சம்மதிச்சிட்டானே. பெத்தவனுக்கு இல்லாத அக்கறையா?”

“புண்ட்டியோட அப்பாவைக் கேட்டதுக்கு ‘அண்ணா இஷ்டம்’னு பதில் வந்தது. அவருக்கு அக்கறை எல்லாம் ரயில் மேல.”

கீழே மணி பத்தடித்தது. மச்சான் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்று மணிக்குள் அதைச் சிரைத்துவிட்டுத் தானே சேலை கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்திருப்பார். யோசிக்காதவர் இல்லை.

“சரி. ஒத்துக்கிட்டேன்னு சொல்லு,” என்றார். வாசலில் நிற்கிற பிச்சைக்காரனுக்குக் கையை ஆட்டுகிற மாதிரி.

“சத்தியம் பண்ணச் சொல்லுங்க. செம்பு, துளசி, கங்கைத் தண்ணி.”

இங்கேதான் மச்சான் முகம் மலர்ந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில், கங்கைத் தண்ணீரைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்வது மூடத்தனம் என்று டவுன் முழுக்க நோட்டீஸ் ஒட்டிப் பேசியிருக்கிறார். அவருக்கு அது வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் செய்த சத்தியம் யாரைக் கட்டும்?

அதிலும் ஒரு படி மேலே போனார். “கங்கைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. குழாய்த் தண்ணியும் கங்கைதானே? பல்தாவுல கங்கையை மொண்டுதான் குழாயில விடறான்.”

குழாயில் தோல் வளையம் இருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒரு வைதிகரும் அந்தத் தண்ணீரை சாமிக்கு வைக்கமாட்டார். நம்புகிறவனுக்கும் அது புனிதமில்லை, நம்பாதவனுக்கும் இல்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தச் சத்தியம் நிற்காது.

“குழாய்த் தண்ணியே போதும்,” என்றது கிராதி.

செம்புப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரும் துளசி இலையும் போட்டுக் கொண்டுவந்தேன். மச்சான் அதைத் தொட்டு, “புண்ட்டிக்குப் பதினாலு வயசு ஆகிறவரைக்கும் இந்த வீட்டுல அவளுக்குக் கல்யாணப் பேச்சு கிடையாது,” என்றார். கை நடுங்கவேயில்லை. பகுத்தறிவு என்றால் அப்படி இருக்கவேண்டும்.

அவர் கீழே இறங்கிப் போனதும் கிராதிப் பக்கம் குனிந்தேன். “தங்கச்சி, அவரு காப்பாத்த மாட்டாரும்மா.”

“தெரியும் அண்ணா. நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன்.”

“அப்ப சரி.”

என்ன சரி என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்காதது இந்த வீட்டில் புதிது இல்லை.

*

மத்தியானம் சவுரங்கி வெள்ளைக்காரக் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே கழுத்துவரை பித்தான் வைத்த ஜாக்கெட், பாவாடை, காலுறை, ஜோடு. ஒற்றைச் சேலையோடு மிஸ்ஸின் முன்னால் உட்காரக் கூடாதாம். பெண்கள் என்ன உடுத்தவேண்டும் என்று முடிவு செய்ய சபையில் ஒரு கமிட்டி உண்டு. அதில் இருக்கிற எல்லாருக்கும் தாடி.

மோக்ஷதாதான் அவளுக்கு மாட்டிவிட்டாள். நான் அறைக்கு வெளியே நின்றேன்.

“மூச்சை உள்ளே இழுங்க அண்ணி. இன்னும். பித்தான் ஒட்டவே மாட்டேங்குது.”

“இழுத்தா விடணுமே மோக்ஷதா.”

“மிஸ் போனப்புறம் விடலாம். ஏங்க, நீங்க வாசல்ல நின்னு என்ன ஒட்டுக்கேட்டுக்கிட்டு? அந்த சந்தேஷ் தட்டை மூடி வையுங்க. பாதியை நீங்களே முழுங்கிடாதீங்க.”

புது வெல்லத்து சந்தேஷ், வாயில் கரைகிற பால் இனிப்பு. பாதி இல்லை, இரண்டுதான்.

புண்ட்டி படியேறி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“நீ யாரு?” என்றாள்.

“உன் அம்மாடி.”

“பித்தானை அவிழ்த்தாத் திரும்ப வந்துடுவியா?”

க்ஷேமங்கரி சிரித்தாள். மூச்சு பாதியில் நின்றதால் சிரிப்பும் பாதியில் நின்றது.

“மாமா,” என்று புண்ட்டி என் வேட்டியைப் பிடித்தாள். “பாராசாத்துல அவங்க வீட்டுல கொய்யா மரம் இருக்காம். நான் ஏறலாமாம். அந்தத் தாத்தாவே சொன்னாரு. ஏறினா யாரும் திட்டமாட்டாங்களா?”

அந்த வீட்டில் கடைசியாக அந்த மரத்தில் ஏறியவளைப் பற்றி நான் நினைத்துக்கொண்டேன். “இங்கேயே ஒண்ணு நட்டுடலாம்டி,” என்றேன். வேறு என்ன சொல்வது? நான் நட்டது எதுவும் முளைத்ததில்லை.

மூன்றாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மச்சான் கருப்புக் கோட்டும், மேலே காஷ்மீர் சால்வையும், பளபளக்கிற ஜோடுமாக ஹாலுக்கு வந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து, வரவேற்புரையை வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

“மச்சான்,” என்றேன், “க்ஷேமங்கரி எங்க உட்காருவா?”

“இதோ, எனக்கு எதிர் நாற்காலில.”

“முக்காடு இல்லாமலா?”

“முக்காடு போட்டுக்கிட்டு உட்கார்ந்தா நம்ம சபைக்கு என்ன மரியாதை?”

“அப்ப நீங்க?”

மச்சான் எதிர் நாற்காலியைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியை முக்காடில்லாமல் உட்காரவைக்க ஏற்பாடு செய்தவர், அப்போது தன் கண் எங்கே இருக்கும் என்பதை மறந்துவிட்டார். உலகத்துச் சீர்திருத்தக்காரர்கள் எத்தனையோ தப்புச் செய்வார்கள். இந்தத் தப்பைச் செய்ய எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும்.

வாசலில் வண்டிச் சத்தம். மாடி நடையில் க்ஷேமங்கரியின் பாவாடை சரசரக்கும் சத்தம் இன்னொரு பக்கம். கீழே போகலாம், ஆனால் மேலே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் போய்விடும். மச்சான் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு எழுந்து, கோட்டு, சால்வை, வரவேற்புரை சகிதம், கிராதி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் அவள் உட்கார்ந்திருந்த அதே பாயில் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். வேறு பாய் அங்கே கிடையாது.

*

மிஸ் பென்ரோஸ் நெட்டையானவள், நல்ல மனசுக்காரி. எங்கள் மொழியைப் பண்டிதர் வைத்துப் படித்தவள். நாங்கள் யாரும் அந்த மொழியில் பேசுவதில்லை.

“அம்மணீர்,” என்று க்ஷேமங்கரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், “தங்கள் திருமுகங் காணப்பெற்றேன், யான் செய்த தவமே தவம். பேதைத் தாயின் கண்ணீர் என்னும் அவ்வரிய உரைநடையைத் தாங்களேயோ இயற்றினீர்?”

கிராதிக்குப் பின்னால் ஒரு மூச்சு நின்றது.

“ஆமாம்மா,” என்றாள் க்ஷேமங்கரி.

மூச்சு வெளியே வந்தது.

“அத்துணைத் துயரமும் தங்கள் நெஞ்சத்தே எங்ஙனம் தோன்றிற்று?”

“நெஞ்சத்துல தோணல. இதோ நிக்கறா பாருங்க.” க்ஷேமங்கரி புண்ட்டியை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். “என் பொண்ணு. ஒன்பது வயசு. நாளைக்கு இவளை ஆசீர்வாதம் பண்ண வரதா இருந்தாங்க. அந்த வீட்டுல முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. பதிமூணு வயசு. பிள்ளை பெத்துக்க உடம்பு போதல. ரெண்டு பேரையும் ஒரே நாளில எரிச்சாங்க. அதுக்குத்தான் எழுதினேன்.”

இது கட்டுரையில் இல்லை. கட்டுரையில் நட்சத்திரம்தான் இருந்தது. மிஸ் கைக்குட்டையைத் தேடினாள். அவள் அழுதபோது பண்டிதர் மொழியில் அழவில்லை; சாதாரணமாகத்தான் அழுதாள்.

“வருவதாக இருந்தனர் என்றீரே. இப்பொழுது?”

“இப்ப வரமாட்டாங்க. எங்க மூத்தார், சபைத் தலைவர், இந்த வீட்டுக்குப் பெரியவர், என் கட்டுரையைப் படிச்சாரு. மனசு உருகிப்போச்சு. இன்னைக்குக் காலையில, இதே ஹால்ல, செம்பு, துளசி, கங்கைத் தண்ணி கையில எடுத்துச் சத்தியம் பண்ணினாரு. இவளுக்குப் பதினாலு வயசு வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது, பள்ளிக்கூடம் அனுப்பறேன்னு.” அவள் என் பக்கம் திரும்பினாள். “எங்க அண்ணா பக்கத்துல நின்னு பார்த்தாரு. இல்லையா அண்ணா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் தண்ணீரை நம்பவேயில்லை.

கிராதியின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு கண் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் சாப்பிடுகிற சோறு அந்தக் கண்ணுக்குச் சொந்தம். உடுத்தியிருந்த வேட்டியும்.

“ஆமா,” என்றேன். “பார்த்தேன். கை நடுங்கவே இல்லை.”

“ஆகா,” என்றாள் மிஸ். “இன்றிரவே துரைசானியார்க்கு இதனை உரைப்பேன். வங்கத்தின் தலைமகன் ஒருவன் தன் இல்லத்திலேயே விளக்கேற்றினன் என்று பத்திரிகைகளிலும் எழுதுவிப்பேன். அப்பெருந்தகை எங்கே? அவர்தம் கரம் பற்றி வாழ்த்துதல் வேண்டும்.”

கிராதிக்குப் பின்னால் இருமல்.

“அங்கு யார்?” என்றாள் மிஸ்.

“பூனை,” என்றேன். பூனைக்கு எவ்வளவு மரியாதை என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

“அவரு ரொம்பக் கூச்சப்படுவாரும்மா,” என்றாள் க்ஷேமங்கரி. “நல்லது பண்ணினா வெளியே தெரியக்கூடாதுன்னு நினைப்பாரு. இந்த சந்தேஷ் எடுத்துக்குங்க.”

மிஸ் சந்தேஷைக் கடித்த சமயத்தில்தான் வாசலில் சங்கு ஊதினார்கள்.

*

மோக்ஷதா படியேறி ஓடிவந்தாள். மிஸ்ஸைப் பார்த்துக் குரலை அடக்கிக்கொண்டு என் காதில் சொன்னாள்: “பஞ்சானன் பாபு வந்திருக்காரு. ரோகு மீனுக்குக் குங்குமம் வச்சு, ஆள்மேல சுமக்கவச்சு, பெரிய வண்டில. நாளைக்குப் பஞ்சாங்கத்துல ஆயில்யமாம். அதனால இன்னைக்கே ஆசீர்வாதத்தை முடிச்சிடறாராம். அண்ணாவைக் கூப்பிடறாரு. இல்லாட்டி அவரே மாடிக்கு வரேங்கறாரு.”

அவர் மாடிக்கு வந்தால் என்ன பார்ப்பார்? பாலித் வீட்டு மருமகள், ஜாக்கெட் போட்டு, முக்காடு இல்லாமல், நாற்காலியில், வெள்ளைக்காரியோடு. பிறகு பிஸ்கோத்து எல்லாம் ஒரு பேச்சா?

மச்சான் உடனே கீழே போயாகவேண்டும். போகிற வழி ஹால் ஒன்றுதான். பின்கதவை அடைத்துக்கொண்டு பெண் முன்னேற்றம் பற்றிய புத்தகங்கள் நாலு அடுக்கு நிற்கின்றன. ஹாலில் தம்பி பெண்டாட்டி முகம் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுந்திருக்கவும் இல்லை.

“தாரிணீ பாபு,” என்று கீழேயிருந்து குரல். முதல் படியில் தடிக்கம்பு தட்டும் சத்தம்.

கிராதி அறையின் கதவு திறந்தது.

உள்ளேயிருந்து காஷ்மீர் சால்வையைத் தலையோடு முகமும் மூடப் போர்த்திக்கொண்டு ஓர் உருவம் வெளியே வந்தது. குனிந்த தலை. ஒரு கை சால்வையின் ஓரத்தை மோவாய்க்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் மூத்தார் எதிரே வந்தால் எப்படிச் சுவரோரமாக ஒண்டிப் போவார்களோ, அச்சு அசல் அதே மாதிரி, சுவரை ஒட்டி, சின்னச் சின்ன அடியாக, படியைப் பார்த்துப் போயிற்று. காலில் மட்டும் பளபளக்கிற ஜோடு.

மிஸ் மரியாதையாக எழுந்து நின்றாள். பரிதாபத்தில் அவள் கண் நிறைந்திருந்தது. நிறைந்த கண்ணுக்கு ஜோடு தெரியாது.

“இவ்வம்மையார் யாவர்?”

க்ஷேமங்கரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்க வீட்டுல இன்னொரு குலமகள்.”

“அந்தோ. இவ்வில்லத்திலுமா இன்னும் முக்காடு நீங்காதார் உளர்?”

“நாங்களும் சொல்லிப் பார்த்துட்டோம்மா. பழகிப்போச்சு, விடமாட்டேங்கறாங்க.”

மோக்ஷதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குனிந்த முதுகைப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் கஷ்டமாகக்கூட இருந்தது. பிறகு புண்ட்டியைப் பார்த்தேன், கஷ்டம் போய்விட்டது.

மிஸ்ஸிடம் சொல்லிக்கொண்டு படியின் தலைப்பில் போய் நின்றேன். மச்சான் சால்வையைத் தோளுக்கு இறக்கிவிட்டு, மீசையைச் சரிசெய்துகொண்டு பஞ்சானன் பாபுவின் எதிரில் நின்றார். மேலே ஒருமுறை பார்த்தார். மிஸ்ஸுக்கு எங்கள் மொழி தெரியும். மிஸ்ஸுக்குக் காதும் கேட்கும். வேறு வழியில்லை என்று அவர் முகம் சொன்னது.

பிறகு பேச ஆரம்பித்தார். சபையில் மேஜையைக் குத்திப் பேசுகிற அதே பேச்சை, அதே குரலில், முதல்முறையாகத் தன் வீட்டு முற்றத்தில் நின்று பேசினார். பச்சைக் குழந்தைகள். தேசத்தின் எதிர்காலம். ஒரு வார்த்தை குறையவில்லை. குத்துவதற்கு மேஜை இல்லாததால் மீன் தட்டைக் குத்தினார். “…ஆகவே பதினாலு வயசு வரைக்கும் புண்ட்டிக்குக் கல்யாணம் கிடையாது. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

மாடியில் மிஸ் கைதட்டினாள்.

பஞ்சானன் பாபு குட்டையான மனிதர். கழுத்தில் துளசிமாலை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்தத் தண்ணியில?” என்றார்.

“என்ன?”

“சத்தியம் எந்தத் தண்ணியில பண்ணினீங்க? கங்கையா, குழாயா?”

மச்சான் சால்வையின் ஓரத்தை மறுபடி சரிசெய்ய ஆரம்பித்தார்.

“அதானே,” என்றார் பஞ்சானன் பாபு. சிரிக்கக்கூட இல்லை. “அதுவும் போகட்டும். பொண்ணைக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு பாபு? நீங்க பெரியப்பாதானே. பெத்தவன் வாக்குதான் எனக்கு வேணும். நீங்க இப்படி ஏதாவது சபைப் பேச்சுப் பேசுவீங்கன்னு தெரிஞ்சுதான், இன்னைக்கு ரயில்ல வரச்சொல்லி, ஹௌராவுல இறங்கினவரை நேரா என் வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன்.”

அவர் கதவைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டியின் திரை விலகியது. ஒரு கால் கீழே இறங்கியது. இறங்கலாமா என்று யோசித்து மேலே போய், மறுபடி இறங்கியது. உமாசரணுடைய கால்தான். வேறு யாரும் அப்படி இறங்கமாட்டார்கள்.

அண்ணனைப் பார்த்தான், பஞ்சானன் பாபுவைப் பார்த்தான். யார் பக்கம் போய் நிற்பது என்று தெரியாதபோது அவன் செய்கிறதைச் செய்தான்: இருமினான்.

அந்த இருமலை மாடியில் தெரியாதவர்கள் கிடையாது. நான் திரும்பிப் பார்த்தேன். புண்ட்டி, “அப்பா,” என்று சொல்லிப் படிப்பக்கம் ஓர் அடி வைத்து, அம்மா கையைப் பிடித்திருந்ததால் நின்றாள். க்ஷேமங்கரியின் மற்றொரு கை பழக்கத்தில் தலைக்குப் போயிற்று. முக்காட்டுத் துணியைத் தேடிக் கழுத்துவரை இறங்கியது. அங்கே ஜாக்கெட்டின் கழுத்துப் பித்தான்தான் இருந்தது. கை அதிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

புண்ட்டியைக் கூட்டிப்போக உமாசரணின் காலடிச் சத்தம் படியில் ஏறிக்கொண்டிருந்தது. புருஷன் வரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் எங்கள் தெருவில் ஒருத்தியும் கிடையாது.

அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணா,” என்றாள். “இந்த நாற்காலியைக் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுங்க. படி ஏறினதும் அவரு கண்ணுல முதல்ல நான் படணும்.”

அவள் எழுந்தாள். நான் நாற்காலியைத் தூக்கிப் படிக்கு நேர் எதிரே போட்டேன். கனமான நாற்காலி. இந்த வீட்டில் வந்து சாப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து நான் செய்த முதல் வேலை அதுதான்.

அவள் உட்கார்ந்தாள்.